ஓர் எண்ணுக்குள் அடங்குமா வாழ்வு?

நுழையும்முன்

நாடுகளின் முன்னேற்றத்தை அளக்க உலகம் பல அளவுகோல்களைக் கண்டிருக்கிறது. அவற்றுள் மனித மேம்பாட்டுக் குறியீடு பெரிதும் அறியப்பட்டது. நலவாழ்வு, கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக்கித் தரும் அந்த அளவுகோல் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலங்கையிலிருந்து படகேறிய சில குடும்பங்கள், குழந்தைகளோடு தனுஷ்கோடிக்கு அருகே கடலோரத்தில் வந்திறங்கின. போர் முடிந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகவிருந்தன. இம்முறை அவர்களைக் கடல் கடக்க வைத்தது பசி. அரிசியும் பால்மாவும் வாங்க இயலாத விலைக்கு ஏறியிருந்தன. உழைத்துப் பிழைக்க வேலையும் இல்லை.

அடுத்த மாதமே இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. எரிபொருளுக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. எரிபொருள் கிடைக்காமையால் பள்ளிகள் மூடப்பட்டன. மருந்துத் தட்டுப்பாட்டால் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்துகளும் கப்பலில் அனுப்பிவைக்கப்பட்டன.

அதே 2022-ஆம் ஆண்டுக்குரிய மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இலங்கை பெற்ற மதிப்பு 0.780. 193 நாடுகளுள் அதற்கு 78-ஆம் இடம். 0.700 முதல் 0.799 வரை மதிப்புப் பெறும் நாடுகள் 'உயர் மனித மேம்பாடு' அடைந்தவை என்று வகைப்படுத்தப்படும். அந்த வகையிலேயே இலங்கை நீடித்தது. கணக்கிட்டவர்கள் பிழை செய்யவில்லை. வரிசையில் நின்றவர்களின் துயரமும் கற்பனையில்லை. இரண்டும் உண்மை எனில், அந்த எண் அளந்தது எதனை?

வருமானக் கணக்குக்கு ஒரு மாற்று

இக்குறியீடு பிறந்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு நாட்டின் முன்னேற்றம் அதன் வருமானத்தைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டு 1934-இல் அறிக்கை அளித்த சைமன் குஸ்நெட்ஸ், மக்களின் நலவாழ்வை அந்தக் கணக்கிலிருந்து அறிந்துகொள்வது அரிது என்று அப்போதே எச்சரித்திருந்தார். எச்சரிக்கை மறக்கப்பட்டது, எண் நிலைத்தது.

பாகிஸ்தானின் நிதியமைச்சராகப் பணியாற்றிய பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக், அந்த எண்ணின் ஆட்சியை முறியடிக்க விரும்பினார். அவருடைய முயற்சியால் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990-இல் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய நெடுநாள் நண்பர் அமர்த்திய சென். மனித வாழ்வின் பல்வேறு கூறுகளை ஒற்றை எண்ணாகச் சுருக்குவதில் சென்னுக்குத் தொடக்கத்தில் உடன்பாடு இல்லை. நாட்டு வருமானம் என்னும் பருமட்டான எண்ணை வீழ்த்த அதே அளவு எளிய வேறோர் எண்தான் வேண்டும் என்று ஹக் வாதிட்டார், சென் இணங்கினார். குறைகள் உண்டு என்று அறிந்தவர்களே அக்குறியீட்டை உருவாக்கினார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பலன் உடனே தெரிந்தது. பிரேசிலையும் சவூதி அரேபியாவையும்விட வருமானத்தில் பின்தங்கியிருந்த இலங்கையில் மக்கள் அந்நாட்டவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர். கட்டணமில்லாக் கல்வியும் அரசு மருத்துவமும் அதற்கு அடித்தளமாக இருந்தன. பணம் மட்டுமே முன்னேற்றம் ஆகாது என்பதற்கு உலகம் காட்டிய சான்றுகளுள் ஒன்றாக அந்தச் சிறு தீவு விளங்கியது. அன்று இலங்கையை உலகுக்குக் காட்டித் தந்த அளவுகோல்தான் 2022-இல் அதன் துயரைக் காட்டத் தவறியது.

மூன்றும் ஒன்றாகும் விதம்

குறியீட்டில் மூன்று கூறுகள் உள்ளன. நலவாழ்வுக்கு, பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டுகள் வாழும் என எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம் அளவாகிறது. கல்விக்கு, 25 வயதைக் கடந்தவர்கள் பள்ளியில் பயின்ற ஆண்டுகளின் சராசரியும், இப்போது பள்ளியில் சேரும் குழந்தை பயிலும் என எதிர்பார்க்கப்படும் ஆண்டுகளும் அளவாகின்றன. வாழ்க்கைத் தரத்துக்கு, வாங்கும் திறனுக்கேற்பச் சரிசெய்யப்பட்ட தலா வருமானம் அளவாகிறது.

ஆயுளும் கல்வியும் ஆண்டிலும், வருமானம் டாலரிலும் அளக்கப்படுகின்றன. இவற்றை அப்படியே சேர்க்க இயலாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் வகுக்கப்பட்டுள்ளன. ஆயுளுக்கு 20 ஆண்டும் 85 ஆண்டும் எல்லைகள். வருமானத்துக்கு 100 டாலரும் 75,000 டாலரும் எல்லைகள். இவ்வெல்லைகளுக்கு இடையே ஒரு நாடு நிற்கும் இடம் சுழியம் முதல் ஒன்று வரையிலான பின்னமாக மாற்றப்படுகிறது. வருமானம் கூடக்கூட அதன் பயன் குறையும் என்பதால் அது மடக்கை வழியாகக் கணக்கிடப்படுகிறது. 2010-ஆம் ஆண்டு முதல் மூன்று பின்னங்களையும் பெருக்கி அதன் மும்மடி மூலம் காணப்படுகிறது. அதுவே குறியீடு.

2022-இல் அந்த எண் ஏன் பெரிதாக அசையவில்லை என்பதற்கு இம்முறையே விடை கூறுகிறது. பெரியவர்கள் என்றோ முடித்த பள்ளிப் படிப்பு, இன்று பள்ளி மூடப்படுவதால் குறையாது. பூட்டிய பள்ளியிலும் மாணவரின் பெயர் பதிவேட்டில் இருக்கும். மருந்தின்மையால் நலிந்த உடல்நிலை ஆயுள் கணக்கில் தோன்றப் பல ஆண்டுகள் ஆகலாம், தோன்றாமலும் போகலாம். விரைவில் வீழ்வது வருமானம் ஒன்றே. இலங்கையின் நிலையிலுள்ள ஒரு நாட்டில் தலா வருமானம் பத்தில் ஒரு பங்கு சரிந்தாலும், மற்றவை மாறாதபோது, குறியீட்டின் மதிப்பு நூறில் ஒரு பங்குகூடக் குறையாது. ஒரு குடும்பத்தின் உணவுத் தட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு பெரிது என்பதைத் தாய்மார் அறிவர்.

ஈடுசெய்ய இயலாத இழப்பு

பல கூறுகளை ஒன்றாக்கும்போது ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறையை மறைக்கிறது. இதனை எளிய கணக்கால் காணலாம். ஒரு நாட்டில் நலவாழ்வு, கல்வி, வருமானம் மூன்றின் பின்னங்களும் 0.6 எனக் கொள்வோம். மற்றொரு நாட்டில் நலவாழ்வு 0.4, கல்வி 0.6, வருமானம் 0.9 எனக் கொள்வோம். இரண்டிலும் பெருக்குத்தொகை 0.216. இரண்டின் குறியீடும் 0.6. உலகத் தரவரிசையில் இரு நாடுகளும் ஒரே படியில் நிற்கும்.

எண்களை வாழ்வாக மாற்றினால் வேறுபாடு விளங்கும். முதல் நாட்டில் ஆயுட்காலம் 59 ஆண்டுகள். தலா வருமானம் ஏறத்தாழ 5,300 டாலர். இரண்டாம் நாட்டில் ஆயுட்காலம் 46 ஆண்டுகள். தலா வருமானம் ஏறத்தாழ 38,700 டாலர். இரண்டாம் நாட்டவர் இழந்த பதின்மூன்று ஆண்டு வாழ்நாளுக்கு, அந்நாடு ஈட்டிய கூடுதல் வருமானம் ஈடாக எழுதப்பட்டுவிட்டது. அந்த வருமானம் யார் கையில் சேர்ந்தது என்பதும் கணக்கில் இல்லை. ஆயுளுக்கும் பணத்துக்கும் இப்படியொரு விலை மறைமுகமாக வகுக்கப்படுவதைப் பொருளியல் அறிஞர் மார்ட்டின் ரவாலியன் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பியுள்ளார். மூன்று கூறுகளுக்கும் சம எடை தருவது நடுநிலைபோலத் தோன்றும். அதுவும் சிலர் கூடி எடுத்த முடிவே; இயற்கையின் விதியன்று.

சராசரியின் மறைவில்

குறியீட்டின் கூறுகள் யாவும் சராசரிகள். சராசரி, ஒரு நாட்டிலுள்ள அனைவரையும் ஒரே மனிதராக்கிக் காட்டும். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தேயிலை பறிக்கும் தமிழர்களின் நிலை இதற்குத் தக்க சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளின் ஒற்றை அறைகளில் அவர்கள் வாழ்ந்துவந்துள்ளனர்.

2016-இல் இலங்கையில் நடத்தப்பட்ட மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 விழுக்காட்டினர். தோட்டப் பகுதிகளிலோ ஏறத்தாழ 32 விழுக்காட்டினர். 'உயர் மேம்பாடு' என்னும் முத்திரை இரு சாராருக்கும் பொதுவாகவே இடப்பட்டது. அம்முத்திரையை மட்டும் கண்டு திட்டம் வகுப்போருக்கு மலையகக் குழந்தையின் தேவை கண்ணில் படாது. படாத தேவைக்கு நிதி ஒதுக்கப்படுவதும் இல்லை.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2025-இல் வெளியான அறிக்கை 2023-ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் குறியீட்டை 0.685 எனக் கணித்து 130-ஆம் இடம் தந்தது. மக்களிடையே நிலவும் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொண்டால் அம்மதிப்பில் 30.7 விழுக்காடு கரைந்துவிடும் என்றும் அவ்வறிக்கையே கூறுகிறது. முதல் எண் செய்தியின் தலைப்பாகிறது. இரண்டாம் எண்ணைத் தேடிப் படிப்போர் சிலரே.

பதிவேடும் படிப்பும்

எண்ணுவதற்கு எளிதானவற்றையே குறியீடு எண்ணுகிறது. பள்ளியில் கழித்த ஆண்டுகளை எண்ணலாம். அங்குக் கற்றது எவ்வளவு என எண்ணுவது கடினம். 2018-இல் ஊரக இந்தியாவில் பிரதம் அமைப்பு நடத்திய ஆய்வில், ஐந்தாம் வகுப்பு மாணவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலவில்லை. இந்தியக் குழந்தை 18 வயதுக்குள் 11.1 ஆண்டுகள் பயிலும் என எதிர்பார்க்கலாம் எனினும், கற்றலின் தரத்தைக் கணக்கில் கொண்டால் அது 7.1 ஆண்டுகளுக்கே நிகர் என உலக வங்கி 2020-இல் மதிப்பிட்டது. நான்கு ஆண்டுகள் காணாமற்போயின. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் அவ்வாண்டுகள் பயின்றவையாகவே நிற்கின்றன.

இல்லத்தில் நிகழும் உழைப்பும் அவ்வாறே. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றுக்குச் செலவிடுகின்றனர். ஏறத்தாழ ஐந்து மணிநேர உழைப்பு. அது வருமானக் கணக்கில் ஒரு காசாகவும் சேர்வதில்லை, ஓய்வின்மையாகவும் பதிவாவதில்லை. அச்சமின்றிப் பேசும் உரிமை, வாக்களிக்கும் உரிமை, தூய காற்று, தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் மதிப்பு ஆகியவற்றுக்கும் குறியீட்டில் இடமில்லை.

கணக்கில் வராதவர்

எந்தக் குறியீடும் தனக்குக் கிடைக்கும் தரவைவிடச் சிறந்ததாக இருக்க முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் டி.என்.சீனிவாசன் 1994-லேயே இக்குறையை வலியுறுத்தினார். வளரும் நாடுகள் பலவற்றின் தரவுகள் நம்பத்தக்கனவாகவோ, நாட்டுக்கு நாடு ஒப்பிடத்தக்கனவாகவோ இல்லை என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று.

இலங்கையின் 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதனை உணர்த்தும். 25 மாவட்டங்களுள் 18-இல் மட்டுமே அது முழுமையாக நடைபெற்றது. போர் நடந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளில் முழுமையான கணக்கெடுப்பு இயலவில்லை. 1981-க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012-இல்தான் நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 1990 முதல், இலங்கைக்குக் குறியீடு இருந்தது. அது ஏறிக்கொண்டும் வந்தது. யாருடைய வாழ்வு மிகவும் சிதைந்ததோ அவர்களைப் பற்றிய தரவே மிகவும் குறைவாக இருந்தது. மூன்று தசம இடங்கள் வரை துல்லியமாக அச்சாகும் எண்ணைக் காண்போர், அதன் அடியிலுள்ள இவ்வெற்றிடத்தை அறிவதில்லை.

அளவுகோலின் பயன்

இக்குறைகளை முன்வைத்து, குறியீட்டையே கைவிட வேண்டும் என்பார் உளர். அது மீண்டும் வருமானக் கணக்கின் தனியாட்சிக்கே வழிவிடும். 1990-இல் 58.6 ஆண்டுகளாக இருந்த இந்தியரின் ஆயுட்காலம் 2023-இல் 72 ஆண்டுகளாக உயர்ந்தது என்பது பெருமிதத்துக்குரிய செய்தி. அதனை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த பெருமை இத்தகைய அறிக்கைகளுக்கு உண்டு. 2003-இல் தமிழ்நாடு தனக்கென ஒரு மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டு மாவட்டங்களின் நிலையை ஒப்பிட்டதும் இச்சிந்தனையின் பயனே.

விடுபட்டவை அனைத்தையும் குறியீட்டுக்குள் சேர்த்துவிடலாமே என்பது மற்றொரு கருத்து. கூறுகள் பெருகப் பெருக, எதற்கு எவ்வளவு எடை என்னும் வழக்கும் பெருகும். ஒன்றையொன்று மறைக்கும் வாய்ப்பும் கூடும். இதனை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2010 முதல் ஏற்றத்தாழ்வு, பாலினச் சமத்துவமின்மை, பல்பரிமாண வறுமை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகளை வெளியிட்டு வருகிறது. 2020-இல் இயற்கைக்கு ஏற்படும் சுமையையும் கணக்கிட்டபோது, முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடங்கள் கீழிறங்கியது. ஒரு நாட்டைப் பல சாளரங்கள் வழியே பார்க்கும்போதுதான் அதன் முழுத் தோற்றம் புலப்படும். குறியீடு ஒரு சாளரம், நல்ல சாளரமும்கூட. அதனை வீடு என்று கொள்வதே பிழை.

ஆகுபெயர் பயின்ற மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். 'அரை லிட்டர் வாங்கு' என்னும்போது லிட்டர் என்னும் முகத்தலளவை, அளக்கப்படும் பாலுக்கு ஆகிவருகிறது. பேசுபவரும் கேட்பவரும் பாலை மனத்தில் கொண்டிருப்பதால் குழப்பம் நேர்வதில்லை. மனித மேம்பாட்டுக் குறியீடும் ஓர் ஆகுபெயரே. அளவின் பெயர் வாழ்வுக்கு ஆகிவருகிறது. 'குறியீடு உயர்ந்தது' என்று சொல்வோரின் மனத்தில் வாழ்வு இருக்கும்வரை அச்சொல் பயன்தரும். வாழ்வை மறந்து எண்ணையே பொருளாகக் கொண்டால், எண்ணை உயர்த்துவதே ஆட்சியின் குறிக்கோளாகிவிடும். கற்பித்தலை விடுத்துப் பதிவேட்டை நிரப்புவது போன்றது அது.

ஆகவே, ஒரு குறியீட்டைக் காணும்போது கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. அது எவற்றைக் கூட்டியது? எவற்றை விட்டது? எதன் மிகுதியால் எதன் குறை மறைந்தது? யார் கணக்கில் வரவில்லை? இக்கேள்விகளை எழுப்பப் பொருளியல் பட்டம் தேவையில்லை. பெருக்கல் கணக்கும் சக மனிதர்மீது அக்கறையும் போதும். தரவரிசையில் சொந்த நாடு ஓரிடம் ஏறியது என்னும் செய்தியைப் படிக்கும்போதும் இக்கேள்விகள் எழவேண்டும்.

தனுஷ்கோடிக் கடலோரத்தில் இறங்கிய குடும்பங்களும் 0.780 என்னும் எண்ணுக்கு உட்பட்டவர்களே. அவர்களின் குழந்தைகளுக்கும் சராசரி ஆயுட்காலமும் எதிர்பார்க்கப்படும் பள்ளி ஆண்டுகளும் அந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தன. அந்த எண் பொய் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சொல்லப்படாததைத் தேடிக் காண்பது எண்ணின் பணியன்று. அதனைப் படிப்பவரின் கடமை.